இறங்கித் தள்ளவும்

மனாமாவில் தெருக்களுக்குப் பெயர் குறைவு,
எண்கள்தான்.
நானூற்று அறுபத்தேழாம் சாலையின் மேல்
என் திரையில் ஒரு சின்ன அம்பு கிடக்கிறது,
கிழக்கிலிருந்து மேற்காக.
யார் போட்டதென்று தெரியாது.
காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு போட்டிருப்பார்.

அந்த அம்பு இருப்பதால்
கோல்டு ஸ்டோரிலிருந்து கிழக்குமூலைக் கட்டடத்துக்கு,
பால்கனியில் காயும் லுங்கியின் கட்டம் தெரிகிற தூரத்துக்கு,
ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுகிறது.
மசூதியைச் சுற்றி, இரண்டு சிக்னல் தாண்டி,
லாரிகள் உறுமும் பெருஞ்சாலையில் கொஞ்சம்.
எட்டு நிமிடம்.
கேரியரில் தண்ணீர்க் கேன்,
ஹாண்டில்பாரில் முட்டை.

கஸ்பார் அந்த வழியில் ஒருநாளும் போனதில்லை.
போன தடம் என்னிடம் இருக்கிறது:
நீலப் புள்ளிகள், நாளுக்கு முப்பது தடவை,
அம்பின் முகத்துக்கு நேரே.
ஒவ்வொரு தடவையும்
அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து
‘யூ-டர்ன் எடுக்கவும்’ என்று
ஒரு குரல் கெஞ்சியிருக்கிறது.

மேலாளர் சொன்னார், ஒரு வரிதானே.
ஒருவழி: ஆம்.
சைக்கிளுக்கு: இல்லை.
சேமித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

விரல் விசைமேல் நின்றது.
நமக்கு வேண்டியதை எழுத
வரைபடம் கோரிக்கை மனு அல்ல.
கம்பத்தில் பலகைக்குக் கீழே
சைக்கிள் படம் போட்ட குட்டிப் பலகை ஒன்று
இருந்தால் எழுதலாம்.
இருக்கிறதா?

ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படர்ந்து
பாதித் தெருவைத் துப்பட்டாவால் துடைத்துத்தான் பார்த்தேன்.
கம்பம் இருந்தது. பலகையும் இருந்தது.
அம்பை வெயில் தின்றிருந்தது.
யாரையும் எங்கும் போகச் சொல்லாத
வெளுத்த தகடு.
கீழே குட்டிப் பலகை இல்லை,
லபான் கிரேட்டுகள், அவற்றின் மேல் ஒரு பூனை.
மறுமுனையில்
‘நுழையாதே’யின் சிவப்பு ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருந்தாலும்
இன்னும் வாசிக்க முடிந்தது.
அதுதான் தொந்தரவு.

மணியடித்துக்கொண்டு அவன் வந்தான்.
எதிரே ஒரு லேண்ட் க்ரூசர் மூக்கை நீட்டியதும்
குதித்து இறங்கி, சைக்கிளைச் சுவரோடு ஒட்டி,
தூத்துக்குடியிலிருந்தே நடந்து வருகிறவனைப்போல
நடந்தான்.
வண்டி போனதும் ஏறிக்கொண்டான்.

நிறுத்திக் கேட்டேன்.
“அந்த மேப்பா மேடம்? என்னைய ஹைவேல போய்ச் சாவச் சொல்லுது.
உள்ள பேசுற பொம்பளைக்கு
நான் காருன்னு நெனப்பு.”
சிரித்தான். முட்டைப் பை ஆடியது.
அந்தப் பொம்பளையின் சம்பளச் சீட்டில்
என் பெயர் இருப்பதை நான் சொல்லவில்லை.

இறங்கினால் அவன் பாதசாரி.
பாதசாரிக்கு எல்லாத் தெருவும் இரண்டு பக்கமும் ஓடும்.

அன்றிரவு அம்பைத் தொடவில்லை.
நிரலில் இரண்டு இடம் மட்டும் மாற்றினேன்.
பெருஞ்சாலையைச் சைக்கிளுக்கு மூடினேன்.
ஒருவழித் தெருவில் எதிர்த்திசையென்றால்
‘இறங்கித் தள்ளவும்’,
வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர்.
தொண்ணூறு மீட்டர். எண்பத்தோரு விநாடி.
சோதனை ஓட்டத்தில் கோடு
மசூதியைச் சுற்றாமல்
மடக்கிய குடைபோல் நேராக நின்றது.

பலகையைப் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்பினேன்.
எண் ஒன்று கொடுத்தார்கள்.
இங்கே எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை புதுத் தடங்கள் வந்தன.
தள்ளிக்கொண்டு நடந்தால் புள்ளிகள் நெருங்கி விழும்.
கஸ்பாருடையவை தள்ளித் தள்ளி விழுந்திருந்தன:
பதினான்கு, பதினைந்து, ஓரிடத்தில் பதினேழு.
இறங்கவே இல்லை, கள்ளன்.
ஆனால் சட்டைப்பையில் யாரும் கெஞ்சவில்லை.
சொன்னது ஒரே ஒரு தடவை,
அதைக் கேட்டானோ என்னவோ.

தெருவின் நடுவில் மட்டும்
ஏழெட்டுப் புள்ளிகள்,
சர்க்கரை சிந்திய இடத்து எறும்புகள் போல.
எதிரே கார் வந்திருக்கும்.
அல்லது பூனை.